பெட்டிக்கு முன் டிபி கணக்கு: தர்மபுரி, கிருஷ்ணகிரியில் சிறிய இணையச் சேவைக்குக் கருவி வாங்குவது

பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ புதிதாக இணையச் சேவை தொடங்குபவர் முதலில் கேட்பது "எந்த ஓஎல்டி வாங்கலாம்?" என்பதுதான். ஓஎல்டி என்பது ஃபைபர் வழியாக வீடுகளுக்கு இணையத்தை அனுப்பும், நம் அறையில் இருக்கும் பெட்டி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் அவரிடம் நான்கு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது. வாடிக்கையாளரின் பிபிபிஓஇ இணைப்பு (பெயர், பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே வரும் இணைப்பு) எந்த ரவுட்டரில் முடியப் போகிறது? கடைசி வீடு எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது? இரவு ஒன்பது மணிக்கு எவ்வளவு டிராஃபிக் வரும்? பெட்டி ஒன்று செத்துப்போனால் மாற்றுப் பெட்டி எங்கிருந்து, எத்தனை மணி நேரத்தில் வரும்? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஓசூர்க்காரருக்குப் பெங்களூரு எஸ்.பி. ரோடு நாற்பது கிலோமீட்டர்தான். அரூர்க்காரருக்கு அப்படி இல்லை. இரண்டு பேர் மட்டும் வேலை பார்க்கும் நிறுவனத்தில், பழுதான அன்று அந்த இரண்டு பேரே சரிசெய்யக்கூடிய கருவிதான் நல்ல கருவி. கீழே சொல்வதெல்லாம் அந்தக் கண்ணோட்டத்தில் சொல்வது.

முதல் கேள்வியிலேயே செலவில் பாதி தீர்மானமாகிவிடும். பெரிய நிறுவனம் ஒன்றின் கூட்டாளியாக, அவர்கள் பெயரில் இணைப்பு கொடுக்கிறீர்கள் என்றால் பிபிபிஓஇ, ரேடியஸ் (பெயரையும் பாஸ்வேர்டையும் சரிபார்க்கும் சர்வர்), நாட் (ஒரு பொது ஐபி முகவரியைப் பல வாடிக்கையாளருக்குப் பங்கிடுவது), பதிவுகள் (யார் எப்போது எந்த முகவரியில் இருந்தார் என்ற குறிப்பு) எல்லாம் அவர்கள் தலையில். உங்களுக்கு ஓஎல்டி, ஒரு சுவிட்ச், கேபிள், மின்சாரம் போதும். சொந்த உரிமம் என்றால் கதை வேறு. ஒருங்கிணைந்த உரிமத்தில் 'சி' பிரிவு ஒரு எஸ்எஸ்ஏ-வுக்கானது, அதாவது தொலைபேசிக்காகப் பிரித்துவைத்த ஒரு பகுதிக்கு. கிருஷ்ணகிரி 2004-இல் தனி மாவட்டமாகப் பிரிந்தாலும் தொலைபேசிக் கணக்கில் இரண்டு மாவட்டமும் தர்மபுரி எஸ்எஸ்ஏ-வுக்குள்தான் வருகின்றன. அதனால் ஒரே 'சி' பிரிவு உரிமத்தில் பென்னாகரம் முதல் ஓசூர் வரை போகலாம். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தையொட்டி உரிம முறை மாறிவருகிறது. விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள விதியைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

சொந்த உரிமம் வைத்திருப்பவர் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று எந்தப் பெட்டியையும் வாங்கி வலையில் சேர்த்துவிட முடியாது. 2021 ஜூன் 15 முதல் 'நம்பகமான மூலம்' என்று ஏற்கப்பட்ட கருவிகளை மட்டுமே இணைக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அதோடு தொலைத்தொடர்புத் துறையின் டிஇசி மையம் தரும் கட்டாயச் சோதனைச் சான்றும் உண்டு. விற்பவர் "எல்லாம் இருக்குது சார்" என்பார். அந்த மாடல் எண்ணுக்கே உரிய சான்று நகலைக் கையில் வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள். அதே பெயரில் கடைசி எழுத்து மட்டும் மாறிய வேறு மாடலின் சான்றை நீட்டுவது நடக்கிற விஷயம்.

டிபி கணக்கு

இப்போது ஓஎல்டி. ஒரே ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கும் இரண்டு முறைகளில் ஈபானா, ஜிபானா என்பது முதல் முடிவு. ஈபான் ஒரு போர்ட்டில் இரு பக்கமும் 1.25 கிகாபிட். ஜிபான் இறங்குவதற்கு 2.488, ஏறுவதற்கு 1.244. கேபிள் டிவி நடத்திய பலர் விலை குறைவு என்று ஈபானில் தொடங்கினார்கள். அந்தக் காலத்து 20 எம்பி பிளானுக்கு அது போதுமானதாக இருந்தது. இன்று 100 எம்பி பிளான்தான் அடிப்படை. ஒரு போர்ட்டில் 64 வீடு, அதில் இரவில் பாதிப்பேர் வீடியோ பார்க்கிறார்கள் என்றால் ஈபான் போர்ட் மூச்சு வாங்கும். புதிதாகத் தொடங்குபவர் ஜிபானிலேயே தொடங்குவது நல்லது. வீட்டில் வைக்கும் பெட்டியான ஓஎன்யு மட்டும் இரண்டிலும் வேலை செய்யும் எக்ஸ்பான் வகையாக வாங்கலாம். ஆனால் வாங்கும் ஓஎன்யு மாடலில் இரண்டை அந்த ஓஎல்டி-யில் மாட்டி, விஎல்ஏஎன் (ஒரே கேபிளில் டிராஃபிக்கைப் பிரிக்கும் எண்), வைஃபை பெயர், பிபிபிஓஇ பெயர் எல்லாம் ஓஎல்டி-யிலிருந்தே போடமுடிகிறதா என்று பார்த்த பிறகு நூறு வாங்குங்கள். ஒரு நிறுவன ஓஎல்டி வேறு நிறுவன ஓஎன்யு-வைப் பதிவு செய்துகொள்ளும், பச்சை விளக்கும் எரியும், ஆனால் தொலைவிலிருந்து அமைப்பை மாற்ற விடாது. பிறகு ஒவ்வொரு பாஸ்வேர்டு மாற்றத்துக்கும் ஆள் வண்டியெடுத்துப் போகவேண்டும்.

ஓஎல்டி-யில் சொருகும் பான் மாட்யூலில் 'பி பிளஸ்', 'சி பிளஸ்' என்று வகை உண்டு. டிபி என்பது ஒளி வழியில் எவ்வளவு குறைகிறது என்பதன் அளவு. பி பிளஸ் 28 டிபி இழப்பு வரை தாங்கும், சி பிளஸ் 32 டிபி. ஊருக்குள் மட்டும் என்றால் முதலாவது போதும். கிராமங்களுக்குப் போவதாக இருந்தால் சி பிளஸ் வாங்கிவிடுங்கள். இந்த இரண்டு மாவட்டத்திலும் வீடுகள் சிதறித்தான் இருக்கின்றன. ஊரை விட்டுத் தள்ளி தோட்டத்து வீடுகளும் உண்டு.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். காரிமங்கலத்தில் ஓஎல்டி, கடைசி வீடு 9 கிலோமீட்டரில். மாட்யூலிலிருந்து வெளிவரும் ஒளியின் பலம் பிளஸ் 4 டிபிஎம் என்று வைத்துக்கொள்வோம். இறங்கும் ஒளி 1490 நானோமீட்டர், கிலோமீட்டருக்கு கால் டிபி என்று வைத்தால் கேபிளில் 2.25 போகும். ஒளியை எட்டாகப் பிரிக்கும் முதல் 1:8 ஸ்ப்ளிட்டரில் 10.5, ஊருக்குள் இரண்டாவது 1:8-இல் இன்னொரு 10.5. ஆறு ஜாயிண்ட்டுக்கு 0.6. நான்கு கனெக்டருக்கு 1.6. கூட்டினால் 25.45. வீட்டில் மைனஸ் 21.5 வரவேண்டும். ஓஎன்யு-வின் எல்லை மைனஸ் 27. ஐந்தரை டிபி கையிருப்பு. இது நல்ல வடிவமைப்பு. ஏறும் ஒளி 1310 என்பதால் கிலோமீட்டருக்கு 0.35 போட்டு அதையும் ஒருமுறை கணக்கிடுங்கள். பலர் இறங்கும் பக்கத்தை மட்டும் அளந்துவிட்டு, ஏறும் பக்கம் தள்ளாடுவதைக் கவனிப்பதில்லை. ஓஎல்டி திரையில் ஒவ்வொரு ஓஎன்யு-வின் ஒளியும் எவ்வளவு வருகிறது என்று காட்டும் வசதி இருக்கிறதா என்பது வாங்கும்போது கேட்கவேண்டிய முக்கியமான கேள்வி. அது இல்லாத ஓஎல்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

வீட்டில் மைனஸ் 24-க்குக் கீழே போகும் இணைப்பை ஒப்புக்கொள்ளாதீர்கள். மைனஸ் 26-இலும் புதிய இணைப்பு ஓடும், வாடிக்கையாளர் கையெழுத்துப் போடுவார். ஐப்பசி மழையில் ஜாயிண்ட்டுகளை மூடிவைக்கும் க்ளோசருக்குள் ஈரம் இறங்கியதும், அல்லது வீட்டுக்கு வரும் ட்ராப் கேபிளை யாரோ ஜன்னல் கம்பியில் மடக்கிக் கட்டியதும், அது எல்லையைத் தாண்டும். "தம்பி, நெட்டு வருது, போவுது, சுத்திக்கிட்டே இருக்குது" என்று போன் வரும் வீடுகளில் பெரும்பாலானவை இப்படி விளிம்பில் கொடுத்தவைதான். பக்கத்து வீடாக இருந்து மைனஸ் 8-க்கு மேல் வெளிச்சம் வந்தாலும் தொல்லைதான். அங்கே ஒளியைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் போடவேண்டும்.

கேபிள் டிவி லைனில் நெட்டை ஏற்றும்போது

ஏற்கெனவே கேபிள் டிவி நடத்துபவர்கள் அதே ஃபைபரில் இணையத்தையும் கொடுக்க நினைப்பது நியாயம். அதில் மூன்று இடத்தில் சறுக்கும்.

அவர்களின் லைனில் ஊர் ஊராக, ஒளியை 10/90, 20/80 என்று சமமில்லாமல் பிரிக்கும் கப்ளர்கள் வரிசையாகப் போட்டிருக்கும். 10 சதவீதக் காலில் சுமார் பத்தரை, 11 டிபி இழப்பு, 90 சதவீதக் காலில் ஒரு டிபிக்குள். நீளவாக்கில் ஒரே சாலையில் ஊர்கள் இருக்கும் இடத்துக்கு, உதாரணமாக இராயக்கோட்டை சாலைக்கு, இந்த முறை கேபிளை மிச்சப்படுத்தும். ஆனால் டிவிக்காக வாங்கிய பழைய கப்ளர் 1550 நானோமீட்டருக்கு மட்டும் சரிசெய்யப்பட்டதாக இருக்கலாம். அதில் 1310 போனால் 10/90 என்பது வேறு விகிதமாகிவிடும். வீட்டில் மீட்டர் வைத்தால் இறங்கும் ஒளி சரியாக இருக்கும், ஓஎன்யு மட்டும் பதிவாகாது. 1310, 1490, 1550 மூன்று அலைநீளத்துக்கும் சரியான கப்ளர் என்று கேட்டு வாங்குங்கள், பழையதை மாற்றுங்கள். இன்னொன்று, வரிசையின் நடுவில் புதிய ஊருக்காக ஒரு கப்ளரைச் சேர்த்தால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனை ஊருக்கும் முக்கால், ஒரு டிபி குறையும். முதல் நாளே வரைபடத்தில் இரண்டு எதிர்காலக் கப்ளருக்கு இடம்விட்டுக் கணக்கிட்டால்தான் பிழைக்கும்.

இரண்டாவது சறுக்கல் மீட்டரில். சாதாரண பவர் மீட்டர் ஃபைபரில் வரும் எல்லா ஒளியையும் கூட்டிக் காட்டும். டிவி ஒளி, அதைப் பெருக்கும் ஈடிஎஃப்ஏ பெட்டியிலிருந்து பலமாக வருவதால் மீட்டரில் மைனஸ் 3 என்று அழகாகத் தெரியும். அதே இழையில் இணைய ஒளி மைனஸ் 28-இல் செத்துக்கிடக்கும். 1490, 1550 இரண்டையும் தனித்தனியாகக் காட்டும் பான் மீட்டர்தான் வேண்டும். ஒவ்வொரு லைன்மேன் கையிலும் ஒன்று. ஈடிஎஃப்ஏ ஓடும் இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைச் சுட்டுவிடும்.

மூன்றாவது, பச்சைக் கனெக்டரும் நீலக் கனெக்டரும். பச்சை எட்டு டிகிரி சாய்வாகத் தேய்த்தது, நீலம் நேராகத் தேய்த்தது. இரண்டும் ஒரே அடாப்டருக்குள் போய் உட்காரும், அதுதான் ஆபத்து. நடுவில் காற்று இடைவெளி விழுந்து சில டிபி போகும், முனையும் சேதமாகும். டிவி லைன் முழுக்கப் பச்சை, ஓஎல்டி மாட்யூல் பெரும்பாலும் நீலம். ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் பச்சை உள்ள பேட்ச் கார்டு பத்து வாங்கி ரேக்கிலேயே வைத்திருங்கள்.

கேபிளும் க்ளோசரும்

ஒரு க்ளோசரைத் திறந்து பார்த்தால் நிறுவனத்தின் தரம் தெரிந்துவிடும். மூடியை எடுத்ததும் எறும்பு மண் உதிர்கிறது, ரப்பர் வளையம் பாதி வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது, இழைகள் தட்டில் சுருளாமல் விளிம்பில் மடங்கிக் கிடக்கின்றன என்றால், அந்த க்ளோசர் வாங்கியபோது சேமித்த ஐம்பது நூறு ரூபாய் மாதாமாதம் பெட்ரோலாகப் போய்க்கொண்டிருக்கும். சாதாரண ஜி652டி இழையை 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கீழே மடக்கக்கூடாது. ஜி657ஏ1 10 மில்லிமீட்டர் வரை, ஏ2 ஏழரை வரை தாங்கும். அதனால் மெயின் லைனுக்கு முதல் வகை போதும், வீட்டுக்குள் மூலை திரும்பும் ட்ராப் கேபிளுக்கு ஜி657ஏ கட்டாயம். ஃபைபரில் எத்தனை தூரத்தில் எவ்வளவு இழப்பு என்று காட்டும் ஓடிடிஆர் கருவியில் ஒரே இடத்தில் 1310-ஐ விட 1550-இல் இழப்பு அதிகமாகக் காட்டினால் அது மடிப்பு. இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகக் காட்டினால் மோசமான ஜாயிண்ட். இந்த ஒரு விஷயம் தெரிந்த லைன்மேன் அரைநாளை மிச்சப்படுத்துவார்.

கம்பத்தில் போகும் மெயின் கேபிளில் இன்று ஆறு இழை தேவை என்றால் பன்னிரண்டு வாங்குங்கள். இழுக்கும் கூலி ஒன்றுதான். மின்வாரியக் கம்பத்தில் போவதாக இருந்தால் அனுமதியோடும், உலோகமே இல்லாத ஏடிஎஸ்எஸ் கேபிளோடும் போங்கள். கிருஷ்ணகிரி, பர்கூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கிரானைட் ஏற்றிய லாரிகள் போகும் சாலையைக் குறுக்கே கடக்கும் இடத்தில் தொய்வு கொஞ்சம் அதிகமானாலும் கல்லின் உச்சி கேபிளைக் கொண்டுபோய்விடும். சாலையைக் கடக்கும் ஒவ்வொரு இடத்திலும் இரு பக்கமும் பத்துப் பதினைந்து மீட்டர் சுருள் விட்டு வையுங்கள். அறுந்தால் நடுவில் துண்டு சேர்க்காமல், ஒரே ஜாயிண்டில் முடிக்கலாம்.

இழைகளை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷின் சொந்தமாக வேண்டுமா என்றால், 200 இணைப்பைத் தாண்டியதும் வேண்டும். இரவு ஏழு மணிக்கு கேபிள் அறுந்தால் வாடகை மெஷின்காரர் மறுநாள்தான் வருவார். ஓடிடிஆர் முதல் வருடம் வாடகைக்குப் போதும்.

ரவுட்டர்

சொந்த உரிமக்காரருக்கு அடுத்த பெரிய செலவு இது. உச்ச நேரத்தில் ஒரு வாடிக்கையாளருக்குச் சராசரி 2 முதல் 3 எம்பி என்று வைத்துக் கணக்கிடுங்கள். 300 பேருக்கு ஒரு கிகாபிட்டுக்குள், 1,000 பேருக்கு 2 முதல் 3 கிகாபிட், 3,000 பேருக்கு 6 முதல் 9. பிளான் 100 எம்பியா 200 எம்பியா என்பது இந்தச் சராசரியைப் பெரிதாக மாற்றாது. மக்கள் பார்ப்பது அதே வீடியோதான்.

சிறிய நிறுவனங்களில் அதிகம் ஓடுவது மைக்ரோடிக். சிசிஆர்2004 வகையில் 12 எஸ்எஃப்பி பிளஸ் (10 கிகாபிட்) போர்ட் உள்ள மாடல் நான்கு கோர், 4 ஜிபி ராம். சிசிஆர்2116 பதினாறு கோர், 16 ஜிபி ராம், ஆனால் 10 கிகாபிட் போர்ட் நான்குதான். போர்ட் எண்ணிக்கையைப் பார்த்து முதலாவதை வாங்கி ஏமாறுபவர்கள் உண்டு. பிபிபிஓஇ, ஒவ்வொருவருக்கும் வேகக் கட்டுப்பாடு, நாட் மூன்றும் சிபியு-வைத் தின்னும் வேலைகள். சில நூறு பேருக்கு 2004 தாங்கும். ஆயிரத்தை நோக்கிப் போகிறவர் 2116 வாங்கி, போர்ட்டுக்காகப் பக்கத்தில் ஒரு 10 கிகாபிட் சுவிட்ச் வைப்பது சரி. நான்கில் இரண்டு போர்ட் வெளிவழிக்கு (நம்மை வெளி இணையத்தோடு சேர்க்கும் லைன்), இரண்டு சுவிட்சுக்கு.

நிறுவனம் வெளியிடும் சோதனை அட்டவணையில் முதல் வரியைப் பார்க்காதீர்கள். 1518 பைட் பாக்கெட், வேகப்பாதை என்று போட்டிருக்கும் அந்தப் பெரிய எண் உங்கள் வேலைக்குப் பொருந்தாது. 512 பைட், 25 சிம்பிள் க்யூ (வேகக் கட்டுப்பாட்டு விதி) என்ற வரிசையைப் பாருங்கள். அதில் பாதியை உங்கள் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். வன்பொருள் வழி ரவுட்டிங் வசதி என்று விளம்பரம் இருந்தாலும் பிபிபிஓஇ டிராஃபிக் சிபியு வழியாகத்தான் போகும்.

3,000 பேருக்கு ஒரே பெரிய பெட்டி வாங்குவதைவிட இரண்டு நடுத்தரப் பெட்டி வாங்குவதே என் தீர்ப்பு. ஒரே விஎல்ஏஎன்-இல் இரண்டு பிபிபிஓஇ சர்வர் இருந்தால் வாடிக்கையாளரின் அழைப்புக்கு இரண்டும் பதில் சொல்லும், முதலில் வந்த பதிலை ஓஎன்யு எடுத்துக்கொள்ளும். ஒன்று செத்தால் எல்லோரும் தானாக இன்னொன்றுக்கு வந்துவிடுவார்கள். இரண்டுக்கும் தனித்தனி ஐபி தொகுப்பு கொடுக்க மறந்தால் ஒரே ஐபி இரண்டு பேருக்குப் போகும். நாட்டைத் தனிப் பெட்டியில் வைத்து, பிபிபிஓஇ பெட்டியில் இணைப்புக் கண்காணிப்பை நிறுத்திவிட்டால் சிபியு நன்றாகவே இறங்கும்.

பழைய ஜூனிபர், சிஸ்கோ பெட்டிகள் மறுவிற்பனையில் கிடைக்கும். உறுதியானவைதான். ஆனால் லைசென்ஸைக் கேளுங்கள். சிஸ்கோ ஏஎஸ்ஆர்1001-எக்ஸ் அடிப்படையில் 2.5 கிகாபிட், 20 வரை போக லைசென்ஸ் வேண்டும். ஜூனிபர் எம்எக்ஸ்204-இல் சந்தாதாரர் வசதிக்குத் தனி லைசென்ஸ். இரண்டையும் இயக்கத் தெரிந்த ஆள் உங்களிடம் இருக்கிறாரா என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

பிபிபிஓஇ-யில் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, 1492 பைட். அதற்கேற்ப டிசிபி எம்எஸ்எஸ்-ஐ (பாக்கெட்டுக்குள் போகும் தரவின் அளவு) 1452 ஆகச் சரிசெய்யாவிட்டால் யூடியூப் ஓடும், வங்கித் தளமோ அரசுத் தளமோ மட்டும் திறக்காது. வாடிக்கையாளர் அந்தத் தளத்தைத் திட்டுவார், நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

இன்னொரு விஷயம் ரேடியஸ். மின்சாரம் போய் வந்ததும் ஆயிரம் ஓஎன்யு ஒரே நிமிடத்தில் கதவைத் தட்டும். ரேடியஸ் பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஓடினால் பதில் தாமதமாகும், ஓஎன்யு மறுபடி தட்டும், வரிசை இன்னும் நீளும். எஸ்எஸ்டி போட்டாலே இதில் பெரும்பகுதி தீரும்.

ஐபி, நாட், பதிவுகள்

இந்தியாவில் ஐபி முகவரி ஒதுக்கும் ஐஆர்ஐஎன்என்-இடம் புதியவருக்கு ஐபிவி4-இல் அதிகபட்சம் 512 முகவரிதான். ஒரு பொது முகவரிக்கு 16 முதல் 32 வாடிக்கையாளர் என்று வைத்தால் ஆளுக்கு 2,000-லிருந்து 4,000 போர்ட் எண் (பெட்டியின் போர்ட் அல்ல, இணைப்புகளுக்கான எண்) கிடைக்கும், தாராளம். உள்ளே 100.64.0.0/10 வரிசையைப் பயன்படுத்துங்கள். ஐபிவி6-ஐ முதல் நாளே கொடுத்துவிடுங்கள். கூகுள், ஃபேஸ்புக், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் அதில் வருவதால் நாட் பெட்டியின் சுமை கண்கூடாகக் குறையும். ஓஎன்யு வாங்கும்போதே ஐபிவி6 முன்னொட்டைப் பெற்று உள்ளே பிரித்துக் கொடுக்கிறதா என்று சோதியுங்கள். பெட்டியில் எழுதியிருந்தால் மட்டும் போதாது.

2021 டிசம்பர் உரிமத் திருத்தத்தின்படி பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். இடத்துக்கு ஒரு கணக்கு: 1,000 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 20,000 இணைப்பு, ஒரு வரி 150 பைட் என்றால் நாளுக்கு 3 ஜிபி. இரண்டு ஆண்டுக்கு 2,200 ஜிபி. சுருக்கினால் பத்தில் ஒரு பங்கு. ஆக 4 டெராபைட் டிஸ்க் இரண்டை ஒன்றின் நகலாக மற்றொன்று இருக்கும்படி வைத்த சிறிய சர்வர் போதும். எல்லாக் கருவியின் கடிகாரமும் ஒரே என்டிபி நேர சர்வரோடு பொருந்தியிருக்க வேண்டும். காவல்துறையிலிருந்து நேரம் குறிப்பிட்டுக் கேட்டு வரும்போது, ஐந்து நிமிடம் தவறிய கடிகாரம் சம்பந்தமில்லாத ஒரு குடும்பத்தைக் காட்டிவிடும்.

வெளிவழி

இரண்டு நிறுவனத்திடம் பேண்ட்விட்த் வாங்கினால் பாதுகாப்பு என்று நினைப்போம். இரண்டும் தேசிய நெடுஞ்சாலை 44-இன் ஒரே பள்ளத்தில் வந்தால், ஒரு பொக்லைன் இரண்டையும் அறுத்துவிடும். கிருஷ்ணகிரிக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. அங்கே ஓசூர் வழி பெங்களூருவுக்கு ஒன்று, வேலூர் வழி சென்னைக்கு ஒன்று, தர்மபுரி, தொப்பூர் வழி சேலத்துக்கு ஒன்று என்று சாலை மூன்றாகப் பிரிகிறது. ஒன்றைப் பெங்களூரு பக்கமும் ஒன்றைச் சென்னை பக்கமும் எடுங்கள். தர்மபுரிக்காரருக்கு இரயில் பாதை இருக்கிறது. பாலக்கோடு, இராயக்கோட்டை வழி ஓசூர் போகும் பாதையோரம் வரும் ஃபைபர், நெடுஞ்சாலைப் பள்ளத்தோடு சேராத தனி வழி. வரைபடக் கோப்பை வாங்கிப் பார்த்துவிட்டு ஒப்பந்தம் போடுங்கள். தாமதத்தைப் பொறுத்தவரை 100 கிலோமீட்டருக்குப் போய்வர ஒரு மில்லிசெகண்ட்தான். பெங்களூருவா சென்னையா என்பதை அது தீர்மானிக்காது. அதிகம் பார்க்கும் வீடியோக்களின் நகலை வைத்திருக்கும் கேச் எங்கே இருக்கிறது, இணைய நிறுவனங்கள் தங்களுக்குள் டிராஃபிக்கைப் பரிமாறும் நிக்ஸி இணைப்பு எங்கே என்பதுதான் தீர்மானிக்கும்.

10 கிகாபிட் மாட்யூலில் 80 கிலோமீட்டர் வகையை இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு அட்டென்யுவேட்டர் இல்லாமல் சொருகினால் எதிர்முனை ரிசீவர் போய்விடும். தூரத்துக்கு ஏற்ற வகையையே வாங்குங்கள்.

மின்சாரம், இடி, தூசி

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குப் போகும் மின்சாரம் மாலை வரை வராத நாள் உண்டு. அதைத் தாங்கும் பேட்டரி இல்லாமல் மேலே சொன்ன எதுவும் பயனில்லை. ரவுட்டர் 80 வாட், எட்டுப் போர்ட் ஓஎல்டி 90, சுவிட்ச் 40, வெளிவழி நிறுவனத்தின் பெட்டி 30, சர்வர் 100. மொத்தம் 340. இன்வெர்ட்டர் இழப்போடு 400 என்று வையுங்கள். 12 வோல்ட் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி நான்கு சேர்ந்தால் 7,200 வாட்மணி. அதில் அறுபது சதவீதம்தான் எடுக்கலாம், 4,320. பத்தே முக்கால் மணி நேரம் ஓடும். ஆனால் 15 ஆம்பியரில் திரும்ப நிரம்ப ஏறக்குறைய அரை நாள் ஆகும். அதற்குள் மறுபடி மின்சாரம் போனால் கணக்கு உடையும். அதனால் ஓஎல்டி வாங்கும்போதே 48 வோல்ட் டிசி உள்ளீடும் உள்ள மாடலாக எடுத்து, பேட்டரியிலிருந்து நேரடியாக ஓட்டினால் இன்வெர்ட்டர் இழப்பும் மிச்சம், இன்வெர்ட்டர் செத்தாலும் வலை சாகாது. வீட்டு இன்வெர்ட்டரைப் போடுபவர்கள் குறைந்தது சைன் வேவ் வகையாகப் பார்த்து எடுங்கள்.

சித்திரை, வைகாசியில் வரும் கோடை மழையின் இடிதான் இந்த மாவட்டங்களில் பெட்டிகளைக் கொல்லும் முதல் எதிரி. ஃபைபர் கண்ணாடிதானே, இடி எப்படி வரும் என்பார்கள். ட்ராப் கேபிளின் பக்கத்தில் ஓடும் எஃகுக் கம்பி வழியாக வரும். ஆர்மர்டு கேபிளின் தகடு வழியாக வரும். ட்ராப் கேபிளை உலோகமில்லாத எஃப்ஆர்பி கம்பி உள்ளதாக வாங்குங்கள். ஆர்மர்டு கேபிள் அறைக்குள் நுழையும் இடத்தில் தகட்டை வெட்டி எர்த்தோடு இணையுங்கள். ரேக், பேட்டரி, ஈடிஎஃப்ஏ எல்லாம் ஒரே எர்த் பட்டையில் சேரவேண்டும். எர்த் குழியை ஐந்து ஓமுக்குக் கீழே கொண்டுவந்து, கோடையில் ஒருமுறை அளந்து பாருங்கள். பாறை மண்ணில் ஒரு குழி போதாது, இரண்டு மூன்று குழி போட்டுச் சேர்க்கவேண்டியிருக்கும். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் சர்ஜ் புரொடெக்டர். கம்பத்துக்குக் கம்பம் கேட்6 கேபிளை வெளியே இழுக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

குவாரிப் பக்கம் உள்ள அறைகளில் கல் தூசி விசிறியை அடைக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் ஓஎல்டி வைத்தால் பங்குனியிலேயே மாட்யூல் சூடு எச்சரிக்கை வரும். சிறிய ஏசி வைக்க வசதியில்லையென்றால் கான்கிரீட் கூரையுள்ள வடக்குப் பார்த்த அறையைத் தேடுங்கள்.

மலைக்கு மட்டும் ரேடியோ

வத்தல்மலை, சித்தேரி போன்ற இடத்துக்கு ஃபைபர் போகும்வரை 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ உதவும். 2018 முதல் அந்தப் பட்டைகள் உரிமமில்லாமல் பயன்படுத்த அனுமதி உண்டு. இரண்டு முனையும் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். 10 கிலோமீட்டர் இணைப்புக்கு நடுவழியில் நேர்க்கோட்டிலிருந்து ஏழு மீட்டராவது சுற்றிலும் காலியாக இருக்கவேண்டும். இன்று இருக்கும் தென்னை மூன்று வருடத்தில் எவ்வளவு வளரும் என்று பார்த்துக் கம்பத்தின் உயரத்தைத் தீர்மானியுங்கள்.

அலமாரியில் இருக்க வேண்டியவை

ஒரே ஒரு போர்ட்டில் உள்ள எல்லா வீடும் ஒன்றாக விழுந்து எழுந்துகொண்டிருந்தால், கேபிளைத் தேடி ஓடுவதற்கு முன் ஓஎன்யு ஒன்று பைத்தியம் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். தன் முறை வராதபோதும் லேசரை எரியவிடும் ஓஎன்யு மொத்தப் போர்ட்டையும் கெடுக்கும். முதல் ஸ்ப்ளிட்டரின் எட்டுக் காலில் நான்கைக் கழற்றுங்கள். சரியானால் குற்றவாளி அந்த நான்கில். பிறகு இரண்டு, பிறகு ஒன்று. ஸ்ப்ளிட்டர் காலில் ஊர்ப்பெயரை எழுதி ஒட்டியிருந்தால் இருபது நிமிட வேலை, இல்லாவிட்டால் ஒரு பகல். முதல் ஸ்ப்ளிட்டரை ஜாயிண்ட் போட்டு மூடாமல் கனெக்டர் வகையாக வாங்கச் சொல்வது இதற்காகத்தான், அரை டிபி கூடப் போனாலும் பரவாயில்லை.

இனி அலமாரியில் வைக்கவேண்டியவை. அதே மாடல் ஓஎல்டி இன்னொன்று, அமைப்புக் கோப்பு ஏற்றப்பட்ட நிலையில். பான் மாட்யூல் இரண்டு, 10 கிகாபிட் மாட்யூல் ஒவ்வொரு வகையிலும் ஒரு ஜோடி. ஓஎன்யு நூற்றுக்கு ஐந்து. அவற்றுக்கான 12 வோல்ட் அடாப்டர் நூற்றுக்குப் பத்து, ஏனென்றால் ஓஎன்யு-வை விட அடாப்டர்தான் அதிகம் போகும். விளக்கு எரியும், வோல்டேஜ் மட்டும் 10-க்கு இறங்கியிருக்கும், வைஃபை விட்டுவிட்டு வரும். லைன்மேன் பையில் மல்டிமீட்டர் இல்லாவிட்டால் நல்ல ஓஎன்யு-வைக் கழற்றிக்கொண்டு வந்துவிடுவார். மாற்றுப் பெட்டிகளை மாதம் ஒருமுறை மின்சாரம் கொடுத்து ஓடவிட்டு, அந்த வார அமைப்புக் கோப்பை அதில் ஏற்றித் தேதியை மேலே எழுதி ஒட்டி வையுங்கள்.